கச்சேரிக்காக ரயில் ஏறுகிறவர்கள்

2025 ஜனவரியில் பிரிட்டிஷ் ராக் குழுவான கோல்ட்பிளே அகமதாபாத்தில் பாடியபோது மும்பையிலிருந்து சிறப்பு ரயில்களே விட்டார்கள். சென்னையிலிருந்தும் பசங்க விமானம் ஏறிப் போனார்கள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் அதற்கு ஒரே நக்கல். "பாட்டு கேக்க இவ்வளவு செலவா? யூடியூப்ல வந்துடப் போகுது." இப்படிக் கேட்டவர்களில் பாதிப் பேர், மார்கழி பிறந்தால் அமெரிக்காவிலிருந்து வரும் சித்தப்பாவுக்காக மயிலாப்பூர் சபாக்களில் டிக்கெட் வாங்க அலைகிறவர்கள். கடல் தாண்டி மியூசிக் அகாடமிக்கு வந்தால் ரசிகர், இங்கிருந்து ஒரு பையன் அகமதாபாத் போனால் ஊதாரி. இது என்ன கணக்கோ!

அந்தப் பையன் போவதற்காவது காரணம் இருக்கிறது. அந்தக் குழு இங்கே வரவில்லை. 2011 அக்டோபரில் மெட்டாலிகா ராக் குழுவைக் கேட்க வேண்டுமென்றால் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸுக்குத்தான் போயாக வேண்டும். பாடகர் எட் ஷீரன் 2025 பிப்ரவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ வரைக்கும் வந்ததெல்லாம் அபூர்வம். என் கேஸ் அதைவிட மோசம். நான் கர்நாடக சங்கீதம் கேட்க வெளியூர் போகிறவன். உலகமே கச்சேரி கேட்க வருகிற ஊரில் இருந்துகொண்டு, இதே மேடைகளில் பாடுகிற அதே வித்வான்களைக் கேட்க ரயில் ஏறுகிறேன். வீட்டில் இதைப் புரியவைக்க முடிந்ததில்லை, இங்கேயாவது சொல்லிப் பார்க்கிறேன்.

நான் போவது பாடுகிறவருக்காக இல்லை, கேட்கிறவர்களுக்காக. வித்வான் அதே ஆள்தான், ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் சபை மாறினால் கச்சேரியே வேறாகிவிடுகிறது.

பெங்களூரு சாமராஜ்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ஸ்ரீராம சேவா மண்டலி நடத்தும் ராமநவமிக் கச்சேரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1939இலிருந்து நடக்கிறது. பந்தல்தான், ஏசி கிடையாது, வெளியே வண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் அடுத்த கச்சேரிக்கு மேடையைக் காலி செய்ய வேண்டும் என்ற அவசரம் இல்லாததால் பாடுகிறவர் ஆற அமரப் பாடுவார். ஒருமுறை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஆபீஸிலிருந்து நேரே வந்திருப்பார் போல. மடியில் ஹெல்மெட், அதன் மேலேயே தாளம். மிருதங்கக்காரர், பாட்டு நின்று தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தை ஆரம்பித்ததும் சென்னைப் பழக்கத்தில் என் கண் தானாக வாசல் பக்கம் போனது. ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. ஹெல்மெட்காரர் மட்டும் தட்டுவதை நிறுத்திவிட்டு விரலால் எண்ண ஆரம்பித்தார். முத்தாய்ப்பான மோரா முடிந்து, தாளம் தொடங்கும் இடமான சமத்தில் வந்து விழுந்தபோது பந்தலே "ஆஹா" என்றது. இங்கே அந்த நேரத்தில் பாதி ஹால் கேன்டீனில் கீரை வடைக்கு நிற்கும். வடை நன்றாகத்தான் இருக்கும், அதை மறுக்கவில்லை.

திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபம் இதற்கு நேர் எதிர். அங்கே கைதட்டக் கூடாது. ஆண்கள் சட்டை இல்லாமல் வேட்டியோடு உட்கார வேண்டும். ஒன்பது நாளும் எந்த ராகம் பிரதானம் என்பது சுவாதித் திருநாள் காலத்து ஏற்பாடு: முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, நான்காம் நாள் தோடி, ஒன்பதாம் நாள் ஆரபி. பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாகக் கொண்டுவரும் சரஸ்வதிக்கு முன்னால்தான் கச்சேரி. அது கம்பர் பூஜித்த விக்கிரகம் என்று சொல்வார்கள். கைதட்டல் இல்லை என்றால் பாடுகிறவர் யாருக்கும் படம் காட்ட வேண்டியதில்லை. ஸ்வரங்களை அங்கேயே கற்பனையாகக் கோர்த்துப் பாடும் கல்பனாஸ்வரத்தில் கடைசியில் வரும் அந்தக் கைதட்டல் வாங்கும் ஓட்டம் அங்கே எடுபடாது. தோடி தோடியாக மட்டும் இருக்கும். இவ்வளவு அழகான இடத்தில் 2006இல் பாறசாலை பொன்னம்மாள் பாடும்வரை பெண்களுக்கு மேடை இல்லை என்பதும் உண்மை. மரபு மரபு என்று உருகுகிறவர்கள் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

திருவையாறு பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நீட்டவில்லை. உழவன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியும்போது தஞ்சாவூர், அப்புறம் பஸ். தியாகராஜர் மறைந்த நாளான பகுள பஞ்சமி அன்று காலையில் அவருடைய ஐந்து பஞ்சரத்ன கீர்த்தனைகள் தொடங்கினால் கேட்க வந்தவர்களும் பாடுகிறார்கள். சுருதி கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும், யாரும் முகம் சுளிப்பதில்லை. தியாகராஜர் சமாதிக்குத் தன் சொத்தைப் போட்டுக் கோயில் கட்டிய பெங்களூர் நாகரத்தினம்மாளையே ஒரு காலத்தில் அங்கே பாட விடாமல் வைத்திருந்தார்கள் என்பது வேறு கதை.

சரி, செலவு. பெங்களூரு பரவாயில்லை. பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் கச்சேரி அதற்குள் முடிந்துவிடும், மங்களம் பாடியதும் ஆட்டோ பிடித்தால் மெஜஸ்டிக் ரயில் நிலையத்தில் சென்னை மெயில் கிடைக்கும். அடுத்த நாள் ஆபீஸுக்கு லீவு கூடப் போட வேண்டாம். திருவனந்தபுரம்தான் கழுத்தறுப்பு. நவராத்திரி என்றால் ஆயுத பூஜை, ஆயுத பூஜை என்றால் மொத்தச் சென்னையும் ஊருக்குக் கிளம்பும். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு அறுபது நாள்தான், திறந்த சில நிமிடத்தில் வெயிட்டிங் லிஸ்ட். தட்கல் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் ஆம்னி பஸ், பண்டிகைக் கட்டணத்தில். கச்சேரி இலவசம், போய்வரத்தான் காசு. ஒரு செல்போனை இன்னும் ஒரு வருஷம் கூடுதலாக வைத்துக்கொண்டால் இதெல்லாம் சமாளிக்கக்கூடிய செலவுதான் என்பது என் அபிப்பிராயம். யூடியூபில் பாட்டு வரும், பக்கத்தில் ஹெல்மெட்காரர் வரமாட்டார்.

இதில் நம் ஊர் சபாக்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 2017இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பு நகரங்களில் சேர்த்தது. நல்லது. ஆனால் டிசம்பர் நிகழ்ச்சி நிரலைப் பல சபாக்கள் வெளியிடுவதற்குள் ரயிலில் இடம் தீர்ந்துவிடுகிறது. அக்டோபர் முதல் வாரத்திலேயே யார், என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? நியூஜெர்சியிலிருந்து வருகிறவர் ஆறு மாதம் முன்பே டிக்கெட் போட்டுவிட்டு மூன்று வாரம் தங்குகிறார், யார் பாடினாலும் அவருக்குச் சரி. திருநெல்வேலியிலிருந்து வருகிறவருக்கு ஒரு சனி ஞாயிறுதான் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை யார் பாடுகிறார் என்று தெரியாமல் அவர் எப்படி நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் போடுவார்?