அந்தப் பெண் உங்களுக்கு என்ன செய்தாள்?

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று ராத்திரி நம் ரசிகர் குழுவில் அந்தப் புகைப்படத்துக்குக் கீழே வந்த கமெண்ட்களைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. எந்தப் படம், எந்த நடிகர் என்று உங்களுக்கே தெரியும். நான் பெயர் போட மாட்டேன். போட்டால் அந்தப் பெயரைத் தேடுகிறவர்கள் இங்கேயும் வந்து அந்தப் பெண் யார் என்று தோண்ட ஆரம்பிப்பார்கள். நடந்தது இவ்வளவுதான்: பிஎல், அதாவது இரண்டு பையன்களின் காதலைச் சொல்லும் 'பாய்ஸ் லவ்' தொடர்களில் நடிக்கும் ஒரு தாய்லாந்து நடிகர் ஒரு பெண்ணோடு கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். யாரோ அவருக்குத் தெரியாமல் தூரத்திலிருந்து படம் எடுத்திருக்கிறார்கள். அதற்கு, தொடரில் ஜோடியாக வந்த பையனோடுதான் அவர் நிஜத்திலும் இருக்க வேண்டும் என்று நினைக்கிற நம் ஆட்கள், சுத்தமான தமிழில், "துரோகி", "ஏமாத்துக்காரன்", "எங்க காசுல சாப்பிடுறான்" என்று எழுதுகிறார்கள். அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியதை நான் இங்கே திரும்ப எழுதப் போவதில்லை.

நான் சொல்ல வருவது ஒரே விஷயம், அதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். அவர் நடித்தார், நீங்கள் பார்த்தீர்கள். அவர் யாரோடு சாப்பிடுகிறார், யாரைக் காதலிக்கிறார் என்பதில் உங்களுக்கும் எனக்கும் எந்தப் பாத்தியதையும் கிடையாது.

உடனே "நீ பிஎல்லுக்கு எதிரி" என்று வருவார்கள். நேற்றே ஒருவர் அப்படிச் சொல்லியாயிற்று. நானா? 2020 ஊரடங்கில் யூடியூபில் 'டுகெதர்' என்ற தாய்லாந்துத் தொடரைப் பார்க்க ஆரம்பித்தவள் நான். அதற்கு முன்னால் வந்த 'சோட்டஸ்' வரைக்கும் பின்னாடி போய்த் தேடிப் பார்த்தவள். 'பேட் படி' ஓடிய வாரங்களில் வெள்ளிக்கிழமை ராத்திரி என் வீட்டில் யாரும் என்னிடம் வேலை சொல்ல முடியாது. 2023இல் 'மூன்லைட் சிக்கன்' வந்தபோது ஹாலில் டிவியிலேயே போட்டுப் பார்த்தேன். பட்டாயாவில் கோழிச்சோற்றுக் கடை நடத்தும் ஜிம்மின் கதை. அதில் ஜிம்மின் அக்கா மகன் லீ மிங், காது கேளாத ஹார்ட்டோடு பேசுவதற்காகக் கைமொழி கற்றுக்கொள்வான். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்தப் பையனுக்குக் காது கேக்காதா?" என்றார். ஆமாம் என்றேன். "இவன் நல்ல பிள்ளையா இருக்கானே" என்றார். இரண்டு பையன்களின் காதல் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீரையைக் கீழே வைத்துவிட்டு அந்த எபிசோடு முடிகிற வரைக்கும் பார்த்தார். எங்கள் வீட்டில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத்தான் தெரியும். அதனால் பிஎல் மேல் எனக்கு எவ்வளவு அன்பு இருக்கிறது என்று யாரும் எனக்குப் பரீட்சை வைக்க வேண்டாம்.

அந்த அன்பால்தான் கேட்கிறேன், இந்த வன்மம் எங்கிருந்து வருகிறது?

"நிறுவனமே அவங்களை ஜோடின்னுதானே வித்தது, நாங்க காசு கொடுத்தோம்ல, கேள்வி கேட்கக் கூடாதா?" இதுதான் எல்லாரும் சொல்கிற வாதம். சரி, இதையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. தாய்லாந்தில் இது எப்படி நடக்கிறது என்று நமக்குத் தெரியும். ஒரு தொடரில் இரண்டு பையன்கள் பொருந்திப் போய்விட்டால் அதோடு விடமாட்டார்கள். அடுத்த தொடரும் அதே ஜோடிதான். ஐஸ்கிரீம் விளம்பரம், செல்போன் விளம்பரம், ரியாலிட்டி நிகழ்ச்சி, வெளிநாட்டு ஃபேன் மீட் என்று எங்கே போனாலும் இரண்டு பேரும் சேர்ந்தே போக வேண்டும். பிரைட்வின், ஆஃப்கன், எர்த்மிக்ஸ் என்று இரண்டு பெயரை ஒட்டி ஒரே பெயராகக் கூப்பிடுகிறோம். மேடையில் ஒருவர் கையை இன்னொருவர் பிடித்தால் அரங்கம் அலறுகிறது. அடுத்த மேடையில் பிடிக்காவிட்டால் "சண்டையா?" என்று ராத்திரியோடு ராத்திரியாக ட்ரெண்ட் ஆகிறது. அந்தப் பிள்ளைகளில் பலர் இருபது வயதில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். அப்படியென்றால் கேள்வியை யாரிடம் கேட்க வேண்டும்? விற்றவர்களிடம்தானே? கல்யாணப் பந்தியில் சாம்பாரில் உப்பில்லை என்றால் பரிமாறுகிற பையனையா அடிப்பீர்கள்? ஆனால் நேற்று வந்த அத்தனை கமெண்டில் நிறுவனத்தைக் கேட்டு ஒன்று வந்ததா? நான் தேடிப் பார்த்தேன், இல்லை. எல்லாம் அவருக்கு, அதற்கு மேல் அந்தப் பெண்ணுக்கு.

அந்தப் பெண்தான் எனக்குத் தாங்கவில்லை. அவள் எந்தத் தொடரிலும் நடிக்கவில்லை, எந்த மேடையிலும் யார் கையையும் பிடிக்கவில்லை, உங்களிடம் ஒரு டிக்கெட் விற்கவில்லை. சாப்பிட்டாள். அவ்வளவுதான்.

இது புதிதும் இல்லை. 2020 ஏப்ரல் ஞாபகம் இருக்கிறதா? 'டுகெதர்' உச்சத்தில் இருந்த நேரம். ஹாங்காங்கை நாடு என்று குறிப்பிட்டிருந்த ஒரு புகைப்படப் பதிவுக்கு அதில் நடித்த பிரைட் ட்விட்டரில் லைக் போட்டுவிட்டார். சீனாவிலிருந்து கோபம் கிளம்பியது, அவர் மன்னிப்பும் கேட்டார். அதோடு நின்றதா? அப்போது அவரோடு சேர்த்துப் பேசப்பட்ட பெண்ணின் பழைய இன்ஸ்டாகிராம் பதிவுகளைத் தோண்டி எடுத்து, அவள் தைவான் பற்றி என்றோ சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவளைக் கிழித்தார்கள். தாய்லாந்துக்காரர்கள் பதிலுக்கு இறங்க, ஹாங்காங்கும் தைவானும் சேர்ந்துகொள்ள, பாங்காக்கில் இருக்கும் சீனத் தூதரகம் அறிக்கை விடுகிற அளவுக்குப் போனது. தாய்லாந்து, ஹாங்காங், தைவான் இளைஞர்கள் இணையத்தில் ஒன்று சேர்ந்த 'பால் டீ கூட்டணி' பிறந்தது அங்கேதான். இன்றைக்கு அதைப் பெரிய ஜனநாயகக் கதையாகச் சொல்கிறோம், நானும் சொல்லியிருக்கிறேன், அது பெருமைதான். ஆனால் அதன் ஆரம்பத்தில் ஒரு பெண்ணின் பெயரை ஹேஷ்டேக் ஆக்கித் திட்டினார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை.

சீனாவில் நடந்ததைப் பாருங்கள். 2019இல் 'தி அன்டேம்ட்' தொடர் வந்து அதில் நடித்த ஷியாவ் சானும் வாங் யீபோவும் புகழில் எங்கேயோ போனார்கள். 2020 பிப்ரவரியில் ஷியாவ் சானைப் பெண் வேடத்தில் கற்பனை செய்து யாரோ ஒரு ரசிகர் கதை எழுதினார். அவருடைய இன்னொரு ரசிகர் கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை, கூட்டமாகப் போய்ப் புகார் கொடுத்தார்கள். பிப்ரவரி 29ஆம் தேதி, ரசிகர்கள் கதை எழுதிப் போடும் ஏஓ3 தளமே சீனாவில் முடங்கியது. ஆயிரக்கணக்கானோர் கதை எழுதிப் படித்த இடம் போயிற்று. கொதித்துப்போன வாசகர்கள் யாரை அடித்தார்கள்? புகார் கொடுத்தவர்களையா, தடை போட்டவர்களையா? ஷியாவ் சான் விளம்பரம் செய்த பொருள்களை எல்லாம் புறக்கணித்தார்கள். கதையை எழுதியது அவர் இல்லை, புகார் கொடுத்தது அவர் இல்லை, தளத்தை மூடியது அவர் இல்லை. அடி மட்டும் அவருக்கு. அடுத்த வருஷம் 'வேர்ட் ஆஃப் ஹானர்' நடிகர் சாங் சேஹான், டோக்கியோவில் ஜப்பானியப் போர்க்குற்றவாளிகளையும் சேர்த்து வணங்கும் யாசுகுனி கோயிலில் எப்போதோ எடுத்த படங்கள் 2021 ஆகஸ்டில் வெளியே வந்ததும், சில நாட்களில் அவருடைய விளம்பரங்கள், பாட்டுகள், தொடர் எல்லாம் காணாமல் போயின. அந்தக் கோயில் சீனர்களுக்கு எவ்வளவு பெரிய புண் என்பது எனக்குப் புரிகிறது, அதில் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. நேற்று வரை உயிரைக் கொடுப்பேன் என்ற கூட்டம் ஒரே ராத்திரியில் எப்படித் திரும்புகிறது என்றுதான் சொல்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு சொந்த விஷயமாக எடுத்துக்கொள்கிறாய் என்று ஒரு தோழி கேட்டாள். காரணம் இருக்கிறது.

கல்லூரியில் இரண்டாம் வருஷம், ஆண்டு விழா நாடகத்தில் நானும் எங்கள் வகுப்புப் பையன் ஒருவனும் கணவன் மனைவியாக நடித்தோம். அரை மணி நேர நாடகம். நன்றாக வந்தது, பரிசும் கிடைத்தது. மறுநாளிலிருந்து எங்கள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்து ஒரே பெயராக்கிவிட்டார்கள். அவன் கேன்டீனுக்குள் வந்தால் என்னைப் பார்த்துக் கத்துவார்கள். சிரிக்காவிட்டால் திமிர் பிடித்தவள் என்பார்கள் என்று நானும் சிரித்து வைப்பேன். அவனுக்கும் எனக்கும் நடுவில் எதுவும் கிடையாது, இரண்டு பேரும் எத்தனையோ முறை சொல்லிவிட்டோம், கேட்க ஆள் இல்லை. கடைசி வருஷம் எனக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆனது. ஊருக்குப் போய்விட்டு விடுதிக்குத் திரும்பி வந்தால் என் அறைக் கதவில் கறுப்பு மார்க்கரில் ஒரு வரி: அவனைக் கழற்றிவிட்டு வசதியான இடத்துக்குப் போகிறாளாம். ஈரத் துணியால் தேய்த்தேன், போகவில்லை. என் அறைத் தோழி நெயில் பாலிஷ் ரிமூவரை ஊற்றித் துடைத்தாள், பெயின்ட்டும் சேர்ந்து உரிந்து வந்தது. எழுதியவர்கள் எதிரிகள் இல்லை, பக்கத்து அறைப் பெண்கள்தான், எங்கள் நாடகத்துக்குக் கை தட்டியவர்கள். அந்தப் பையனோ என் நிச்சயதார்த்தத்துக்கு வந்து பந்தியில் நின்று இலை போட்டவன்.

எனக்கு ஒரு கதவு, ஒரு வரி. இந்தப் பெண்ணுக்குத் தாய்லாந்து மொழியில், சீனத்தில், ஸ்பானியத்தில், இப்போது தமிழிலும் எழுதுகிறார்கள். அவளால் தமிழைப் படிக்கக்கூட முடியாதே, அதனால் என்ன என்று ஒருவர் எனக்கே பதில் போட்டார். மொழிபெயர்ப்பு பட்டன் என்று ஒன்று இருக்கிறது ஐயா.

"பிரபலம்னா இதெல்லாம் சகஜம், தாங்கிக்கணும்." இந்த வரியைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. 2019 அக்டோபரில் கொரியாவில் பாடகி சல்லி இறந்தார், 25 வயது. நவம்பரில் அவருடைய நெருங்கிய தோழி, பாடகி கூ ஹாரா. இரண்டு பேரும் பல வருஷங்களாக இந்த மாதிரி கமெண்ட்களைச் சுமந்தவர்கள். சல்லி இறந்த அதே அக்டோபர் கடைசியில் டாம் என்ற கொரிய இணையத் தளம் பொழுதுபோக்குச் செய்திகளுக்குக் கீழே கமெண்ட் பகுதியையே எடுத்தது, 2020 மார்ச்சில் இன்னொரு பெரிய தளமான நேவரும் எடுத்தது. 2020 மே மாதம் ஜப்பானில் ஹனா கிமுரா. 22 வயதுப் பெண், மல்யுத்த வீராங்கனை, ஒரு ரியாலிட்டி நிகழ்ச்சிக் காட்சிக்காக வந்த வசைகளுக்குப் பிறகு. அவருடைய அம்மா போராடி, 2022இல் ஜப்பான் அவமதிப்புச் சட்டத்தையே கடுமையாக்கி ஓராண்டு சிறை வரைக்கும் கொண்டுவந்தது. இதையெல்லாம் தெரிந்துகொண்டே ஒருவர் "ஒரு கமெண்ட்தானே" என்று எழுதுகிறார் என்றால் அவரிடம் நான் என்ன பேசுவது? இவர்கள் யாரும் ஒரே ஒரு கமெண்டால் சாகவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் எழுதியது ஒரே ஒரு கமெண்ட்தான்.

2024இல் ஏஸ்பா என்ற கொரியப் பாட்டுக் குழுவின் கரீனா, தான் ஒருவரைக் காதலிப்பது வெளியே தெரிந்ததற்காகக் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதிப் போட்டார். காதலித்ததற்கு மன்னிப்பு! அன்றைக்கு நம் குழுவில் எல்லாரும் "கொரிய ரசிகர்களுக்குப் பைத்தியம்" என்று எழுதினோமே, இன்றைக்கு நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்?

இன்னொரு கேள்வியும் வந்தது. பெண்களைக் காதலிக்கிற நடிகர்கள் தன்பால் காதல் கதையில் நடித்துக் காசு பார்க்கிறார்கள், நிஜ தன்பாலினத்தவருக்கு வாய்ப்பு எங்கே என்று. நியாயமான கேள்வி. அதைப் பற்றித் தனியாகப் பேசலாம். ஆனால் நேற்று அதைக் கேட்டவர்களே மூன்று கமெண்ட் தள்ளி "அவன் நிஜமாவே கேதான், கம்பெனி மறைக்குது, ஒத்துக்கச் சொல்லு" என்று எழுதியிருக்கிறார்கள். அவர் தன்பாலினத்தவர் என்றால் சொல்வது அவர் இஷ்டம். இல்லை என்றாலும் அவர் இஷ்டம். இரண்டு நொடி வீடியோவை நிறுத்தி நிறுத்தி, இங்கே பார்த்தான், அங்கே தொட்டான் என்று ஆதாரம் சேகரித்து ஒரு மனிதனின் வாயைப் பிடுங்குவது எந்த உரிமைப் போராட்டம்? நம் குழுவிலேயே வீட்டில் சொல்லாமல் இருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கு இன்பாக்ஸில் பேசுவார்கள். நேற்று அந்தத் திரியைப் படித்துவிட்டு அவர்களில் ஒரு பையன் கேட்டான், "அக்கா, என்னைப் பத்தித் தெரிஞ்சா இவங்க இப்படித்தான் தோண்டுவாங்களா?" நான் என்ன பதில் சொல்ல? தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் தன்பால் திருமணம் சட்டப்படி நடக்கிறது. அன்றைக்கு வானவில் படம் மாற்றியவர்கள்தான் இவர்களில் பாதிப் பேர். அந்தப் படங்களைப் பார்த்து அவன் எவ்வளவு சந்தோஷப்பட்டான் தெரியுமா?

ஏற்கெனவே வெளியில் நமக்கு நல்ல பெயர் இல்லை. என் சொந்தக்காரர்கள் மத்தியில் "அந்தப் பசங்க சீரியல் பாக்குறவ" என்று எனக்குப் பட்டமே உண்டு. அதற்கெல்லாம் நான் வருத்தப்பட்டதில்லை, ஏனென்றால் இந்தக் குழுவுக்குள் வந்தால் என்னைப் போல நாலு பேர் இருக்கிறார்கள் என்று ஒரு ஆறுதல் இருந்தது. நேற்று அந்த நாலு பேரும்தான் அங்கே எழுதிக்கொண்டிருந்தார்கள். அதுதான் வலிக்கிறது, வேறொன்றும் இல்லை.

ஜோடி பிடித்திருந்தால் ரசியுங்கள். எடிட் போடுங்கள், கதை எழுதுங்கள், பழைய தொடரைப் பத்தாவது தடவை பாருங்கள், நானும் பார்ப்பேன். ஏமாற்றமாக இருந்தால் அழுங்கள், அதையும் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணின் பக்கத்துக்குப் போகாதீர்கள். அவர் பக்கத்துக்கும் போகாதீர்கள். உங்களுக்குக் குறை இருந்தால் நிறுவனத்துக்கு மெயில் அனுப்புங்கள், ஜோடியை விற்கிற இந்த வழக்கத்தை நிறுத்துங்கள் என்று எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

கமெண்ட் பகுதியை மூடவில்லை. என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டலாம், பதில் சொல்வேன். அந்தப் பெண்ணின் பெயரையோ, கணக்கையோ, அந்தப் படத்தையோ யாராவது இங்கே போட்டால் அழித்துவிட்டு ப்ளாக் செய்வேன். எத்தனை வருஷப் பழக்கமாக இருந்தாலும்.