வீட்டில் கொஞ்சம் குப்பை இருக்கட்டும்

போன மே மாத விடுமுறையில் எங்கள் வீட்டில் போனுக்குத் தடை போட்டோம். தடை பிள்ளைகளுக்கு மட்டும்தான். மகள் நாலாம் வகுப்பு முடித்திருந்தாள், மகனுக்கு நாலு வயது. எனக்கும் வீட்டுக்காரருக்கும் தடை கிடையாது, எங்களுக்கு 'வேலை' இருந்தது.

முதல் மூன்று நாள் வீடு வீடாக இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு 'போரடிக்குதும்மா'. தாங்க முடியாமல், படைப்பாற்றலை வளர்க்கும் என்று அட்டையில் அச்சடித்த ஒரு பெட்டியை அறுநூறு ரூபாய்க்கு ஆன்லைனில் வரவழைத்தேன். உள்ளே நம்பர் போட்ட அட்டைத் துண்டுகள், ஒரு பசை, எதை எதோடு ஒட்ட வேண்டும் என்று ஒரு தாள். இருபத்தைந்து நிமிடத்தில் ஒட்டி முடித்துவிட்டு, 'அடுத்தது எங்கம்மா?' என்று வந்து நின்றான் சின்னவன். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுமே, அதே எதிர்பார்ப்பு. யோசிக்க வேண்டியதையெல்லாம் யாரோ முன்னாலேயே யோசித்து முடித்துப் பெட்டியில் அடைத்துக் கொடுத்தால் பிள்ளை வேறு என்னதான் செய்யும்?

அந்த வாரம் மானாமதுரையிலிருந்து என் மாமியார் வந்தார். வருஷத்துக்குத் தேவையான புளியை எங்களுக்கும் சேர்த்து மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். வந்த மறுநாளே ஹாலில் பழைய சேலையை விரித்துக் கொட்டை எடுக்க உட்கார்ந்துவிட்டார். நான் பிள்ளைகளுக்கு என்ன விளையாட்டுக் காட்டலாம் என்று அலைவதைப் பார்த்துவிட்டு, 'பிள்ளைகளை என்னத்துக்குத்தா இப்படிக் கட்டி மேய்க்கிற? ஒங்க வீட்டுக்காரரை எல்லாம் யாரு விளையாட்டுக் காட்டியா வளத்தோம்?' என்றார்.

அவர் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. 'கொட்டையெல்லாம் பொறக்கி இந்தச் சட்டியில போடுங்க' என்றார், அவ்வளவுதான். அரை மணி நேரம் பொறுக்கினார்கள். அப்புறம் பெரிய கொட்டை, சின்னக் கொட்டை, சொத்தைக் கொட்டை என்று பிரித்தார்கள். அப்புறம் அது மிட்டாய்க் கடை ஆனது. கடன் சொல்லிவிட்டுப் போன வாடிக்கையாளரைத் தேடிக் கடைக்காரன் சமையலறை வரை வந்தான். மறுநாள் அப்பத்தாவிடம் கேட்டுக்கொண்டு, மகள் நாலு கொட்டையை எடுத்துப் பால்கனித் தரையில் ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை தேய்த்தாள். தாயம் உருட்டத்தான். தேய்த்த சூட்டோடு தம்பி கையில் ஒன்றை வைத்து அவனை அலற விட்டதும் நடந்தது. மொட்டை மாடியில் செங்கல் துண்டால் கட்டம் போட்டு ஆடினார்கள். சின்னவனுக்கு எண்ணிக்கை சரியாக வராது, தோற்றால் அழுவான். அவனை 'உப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்ளச் சொன்னார் அப்பத்தா. ஆடுவான், ஆனால் அவன் காய் கணக்கில் வராது. சின்னப் பிள்ளையை அழ விடாமலும் ஆட்டத்தைக் கெடுக்காமலும் இருக்க எந்தக் காலத்திலோ பிள்ளைகளே செய்துகொண்ட ஏற்பாடு அது. எந்த போன் விளையாட்டிலாவது இதற்கு இடம் உண்டா?

உண்மையைச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குப் போகிறவள். குக்கர் மூன்று விசில் வரும்வரை பிள்ளை ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கட்டும் என்று போனைக் கொடுத்திருக்கிறேன், இனியும் எப்போதாவது கொடுப்பேன். 2 முதல் 4 வயது வரை திரை ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. எனக்குத் தெரியாமலா கொடுத்தேன்? அதனால் போன் கொடுக்கும் அம்மாக்களைத் திட்ட இதை எழுதவில்லை. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பரிலிருந்து 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது என்று சட்டமே வந்துவிட்டது. வரட்டும். எடுத்த இடத்தில் எதை வைக்கப் போகிறோம் என்பதுதான் என் கேள்வி.

எங்கள் குடியிருப்பில் நடப்பதைக் கேளுங்கள். கீழே பார்க்கிங்கில் 'இங்கு பந்து விளையாடக் கூடாது' என்று ஒரு பலகை. சாக்பீஸால் தரையில் கிறுக்கினால் அதற்கும் புகார். மொட்டை மாடிச் சாவி செயலாளரிடம் இருக்கும். அப்பத்தா நேரில் போய்க் கேட்டதால்தான் எங்களுக்குக் கிடைத்தது. இதே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒரு பார்வர்டு வருகிறது, 'இந்தக் காலப் பிள்ளைகள் போனும் கையுமாகவே இருக்கின்றன' என்று. பலகை மாட்டியவர்தான் அதை அதிகம் அனுப்புகிறார். தெருவில் பைக், பார்க்கிங்கில் பலகை, வீட்டுக்குள் 'சோபாவில் ஏறாதே, சுவரில் எழுதாதே'. பிள்ளை கை வைக்க நாம் விட்ட ஒரே இடம் அந்த ஆறு இஞ்ச் கண்ணாடிதான்.

சரி, எங்கள் போனுக்கு வருகிறேன். ஒரு நாள் செட்டிங்ஸில் போய்ப் பார்த்தேன், என் கணக்கு நாலு மணி நாற்பது நிமிடம். அலுவலக வேலை லேப்டாப்பில், அது இதில் சேராது. பாதிக்கு மேல் விரலால் தள்ளிக்கொண்டே போனதுதான். ஒரு பக்கம் முடிந்து, அடுத்ததை நாமாக அழுத்த வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. பக்கம் முடிவதையே நீக்கிவிட்டு, தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும்படி 2006-இல் வடிவமைத்தவர் ஆசா ரஸ்கின். பின்னாளில் அவரே அதற்காக வருத்தம் தெரிவித்தார். புளியங்கொட்டைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. சட்டி காலியானால் காலிதான், அடுத்து என்ன என்பதைப் பிள்ளையேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போது சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை வீட்டிலுள்ள போன்களெல்லாம் பிரிட்ஜ் மேல். அழைப்பு வந்தால் எடுப்போம், மற்றது எட்டுக்குப் பிறகு. இதில் பெரிய இடைஞ்சல் பள்ளிக்கூடம்தான். வீட்டுப்பாடம் ஏழரைக்கு வாட்ஸ்அப்பில் வருகிறது. கொரோனாவில் ஆரம்பித்தது, இன்னும் விடவில்லை. டைரியில் எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

அந்த இரண்டு மணி நேரத்துக்கு நான் செய்வது ஒன்றுதான். ஒரு பழைய பிளாஸ்டிக் கூடையில் தேங்காய்ச் சிரட்டை, அட்டைப்பெட்டி, பாட்டில் மூடி, துணி, நூல் என்று போட்டுவைக்கிறேன், கிட்டப் போவதில்லை. ஒரு தடவை மட்டும் ஆசை தாங்காமல் நுழைந்தேன். சைக்கிள் வால்டியூப்பும் தீக்குச்சியும் வைத்து உருவங்கள் செய்வதை நான் பள்ளியில் ஓர் அறிவியல் முகாமில் கற்றிருந்தேன். 1970-களில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பகுதியில், கிராமப் பள்ளிகளுக்கான அறிவியல் திட்டத்தில் இருந்தபோது அரவிந்த் குப்தா கண்டுபிடித்தது அது. கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டுக் குப்பையிலிருந்து பொம்மை செய்யப் போன மனிதர். 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

குச்சியின் மருந்தைச் சுரண்டிவிட வேண்டும். வால்டியூப்பைச் சின்னச் சின்னதாக நறுக்கி, இரண்டு முனையிலும் குச்சியைச் செருகினால் மூட்டு தயார். மகள் முதலில் சதுரம் செய்தாள். தொட்டதும் சாய்ந்தது. முக்கோணம் செய்தாள், அசையவில்லை. ஏன் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். 'நீ போம்மா' என்று விட்டாள். அரை மணி கழித்துப் பார்த்தால் சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குச்சியைக் கொடுத்து நிறுத்தியிருந்தாள். குறுக்குக்கு ஒரு குச்சி நீளம் போதவில்லை என்று துடைப்பத்திலிருந்து ஈர்க்கை உருவியிருக்கிறாள்.

மூன்று நாளாக அதன்மேல் ஒரு வீடு வளர்ந்தது. ஹாலைப் பெருக்க முடியவில்லை. நாலாம் நாள் சின்னவன் ஓடிவந்து ஒரே உதை. பிள்ளைத்தமிழில் சிற்றில் என்று ஒரு பருவமே இருக்கிறது, எங்கள் மணல் வீட்டை மிதிக்காதே என்று சிறுமிகள் கெஞ்சுவதாகப் பத்துப் பாட்டு. என் மகள் கெஞ்சுகிற ஆள் இல்லை. உடைந்த குச்சிகளை எண்ணினாள், ஏழு. இன்றைக்குத் தாயத்தில் அவன் ஏழு ஆட்டத்துக்கு உப்புக்குச் சப்பாணியாகக்கூட வர முடியாது என்று தீர்ப்பு சொன்னாள். ஊருக்குப் போய்விட்ட அப்பத்தாவிடம் அவன் போனில் முறையிட வேண்டுமாம். போன் பிரிட்ஜ் மேல் இருந்தது, மணி ஏழேகால். எட்டு வரைக்கும் வாசல்படியில் உட்கார்ந்தே இருந்தான்.