கற்பூர முடிச்சு ஆக்சிஜனை ஏற்றுமா?

லே நகரில் செப்டம்பரில் நடக்கும் லடாக் மாரத்தானில் அரை மாரத்தான் ஓடப் போகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு யோசனை சுற்றுகிறது: கற்பூரம், கிராம்பு, ஓமம், நீலகிரித் தைலத்தைத் துணியில் முடிந்து முகர்ந்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறிவிடுமாம். கொரோனா காலத்திலும் வந்த அதே முடிச்சுதான்.

ஏறாது. லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான், குறைவது காற்றழுத்தம். கடல் மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைகிறது. முகர்வதால் அழுத்தம் கூடுமா என்ன?

அப்புறம் ஏன் மூச்சு லேசாகிறது? கற்பூரம் மூக்கின் குளிர் உணர்வு நரம்புகளைத் தூண்டுகிறது. காற்று தாராளமாகப் போவதாகத் தோன்றும், அவ்வளவே. வாசனை பிடித்தால் முகருங்கள், விழுங்கிவிடாதீர்கள், வலிப்பு வரும்.

உயரத்துக்கு உடலைப் பழக்குவது அங்கே தங்கும் நாள்கள்தான். விமானத்தில் இறங்கியதும் ஓடாமல் முதல் இரண்டு நாள் ஓய்வெடுங்கள். ஓடும்போது தலைவலியோடு தள்ளாட்டமும் வந்தால், முடிச்சைத் தேடாமல் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் போங்கள்.