பொன்னாடை இருக்கட்டும், எங்கள் தெருவுக்கு என்ன தீர்மானம் போட்டீர்கள்?

எங்கள் மாநகராட்சியின் மன்றக் கூட்டம் போன வாரம் நடந்து முடிந்திருக்கிறது. வார்டு வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்து விழுந்ததால்தான் எங்களுக்கே தெரியும். மேயருக்குப் பொன்னாடை. ஆணையருக்குப் பூங்கொத்து. மாநிலப் போட்டியில் ஜெயித்த பள்ளி மாணவிக்குக் கேடயம். பணி ஓய்வு பெறும் அதிகாரிக்குச் சந்தன மாலை. மாலை போட்டவருக்கு இன்னொருவர் போட்ட மாலை. எல்லாப் படத்துக்கும் கீழே ஒரே ஒரு வரி: "அனைத்துத் தீர்மானங்களும் ஒருமனதாக நிறைவேற்றப்பட்டன."

எந்தத் தீர்மானங்கள்? அதைச் சொல்லத்தானே ஆள் இல்லை!

மாணவிக்குக் கேடயம் கொடுத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இன்னும் பெரிதாகவே செய்யலாம். ஆனால் யார் யாருக்கு என்ன போர்த்தினார்கள் என்பது படத்தோடு, பெயரோடு, அரை மணி நேரத்தில் எங்கள் கைக்கு வருகிறது. எங்கள் பணத்தில் எந்த ஒப்பந்ததாரருக்கு எத்தனை லட்சம், எந்தத் தெருவுக்குச் சாலை, எந்தத் தெருவுக்கு இல்லை என்பது மட்டும் ஏன் வருவதே இல்லை?

எங்கள் தெருக் கதையைக் கேளுங்கள். சென்னைப் புறநகரில் வீடு வைத்திருக்கும் யாருக்கும் இது புதிதாக இருக்காது. பாதாள சாக்கடை என்று தோண்டினார்கள். குழாய் புதைத்தார்கள். சாலை மட்டத்துக்கு மேலே அரையடி துருத்திக்கொண்டு மேன்ஹோல் வைத்தார்கள். அப்புறம் போய்விட்டார்கள். வீட்டு இணைப்புக்கான வைப்புத்தொகையை மட்டும் முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள், அதில் ஒரு நாள் தாமதம் இல்லை. இன்றைக்கும் தொட்டி நிரம்பினால் கழிவுநீர் லாரிக்குத்தான் போன் அடிக்கிறோம். மழை பெய்தால் தெருவில் பள்ளம் எது, மேன்ஹோல் எது என்று தெரியாமல் ஸ்கூட்டியில் போகிறவர்கள் விழுகிறார்கள்.

இந்த வேலைக்குக் கால நீட்டிப்பு கொடுத்துப் போன கூட்டத்தில் தீர்மானம் வந்ததாக ஒரு பேச்சு. உண்மையா என்று கவுன்சிலரைக் கேட்டால், "பாஸ் ஆயிடுச்சு சார், சீக்கிரம் ஆரம்பிச்சுடுவாங்க" என்கிறார். உதவிப் பொறியாளர், "எங்களுக்கு இன்னும் ஆர்டர் வரல" என்கிறார். மண்டல அலுவலகத்தில், "மெயின் ஆபீஸ்ல கேளுங்க." மெயின் ஆபீஸில், "உங்க மண்டலத்துலதானே இருக்கு ஃபைல்?" ஒரு தீர்மானம் நிறைவேறியதா இல்லையா என்பது இவ்வளவு பெரிய ராணுவ ரகசியமா?

பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து ஒரு கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி. அந்த அரங்கில் ஒழுங்காகத் தொடங்கி ஒழுங்காக முடிந்தது அது ஒன்றுதான். பிறகு இரங்கல். பிறகு அமைச்சருக்கு நன்றி, முதல்வருக்கு நன்றி, மேயருக்கு நன்றி சொன்னவருக்கு மேயரின் நன்றி. குடிநீர் வரவில்லை என்று ஒரு பெண் உறுப்பினர் எழுந்து கத்தினார். "குறிச்சுக்கிட்டோம், உட்காருங்க" என்றார்கள். குறித்துக்கொண்ட ஆள் யாரையும் நான் பார்க்கவில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் வெளிநடப்புச் செய்து வாசலில் பேட்டி கொடுக்கப் போனார்கள். மறுநாள் பேப்பரில் வந்த செய்தியும் அது மட்டும்தான். அந்த இடைவெளியில் தீர்மானத்துக்கு வந்த பொருள்களின் எண்களை மட்டும் ஒருவர் மூச்சுவிடாமல் வாசிக்க, மேசைகள் தட்டப்பட, வரிசையாக எல்லாம் பாஸ். அதில் கடைசி நேரத்தில் மேசையில் வைத்த அவசரப் பொருள்களும் அடக்கம். பின்னேற்பும் அடக்கம். வேலையை முடித்துப் பில்லும் போட்ட பிறகு அனுமதி கேட்பதுதான் பின்னேற்பு. நடந்து முடிந்ததற்கு அப்புறம் எதற்கய்யா மேசையைத் தட்டுகிறீர்கள்?

மன்றம் எடுக்கும் முடிவுகளில் ஒன்று மட்டும் எப்போதும் வழிதவறாமல் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். வரி. 2022 பிப்ரவரியில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். மார்ச் தொடக்கத்தில் பதவியேற்றார்கள். ஏப்ரல் பிறந்ததுமே சொத்து வரி சீராய்வு. 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று ஏறியது. போதாக்குறைக்கு அதன்பிறகு 6 சதவீத ஏற்றமும் வந்தது. கேட்டால், "அது அரசாங்கம் போட்ட உத்தரவு, நாங்க என்ன பண்ண முடியும்?" என்பார்கள். உங்கள் மன்றத்தில்தானே தீர்மானம் நிறைவேறியது? அன்றைக்கும் மேசையைத் தட்டியிருப்பீர்களே? அரையாண்டு தொடங்கி ஒரு மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, தாமதித்தால் மாதத்துக்கு 1 சதவீதம் அபராதம். குறுஞ்செய்தி, ஆட்டோவில் மைக், கடைசியில் வாசலில் நோட்டீஸ். தகவல் சொல்லும் திறமை இவர்களுக்கு இல்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

நாங்கள் முன்பு ஊராட்சியாக இருந்தவர்கள். அப்போதும் ஊழல் இருந்தது, சண்டை இருந்தது. ஆனால் கிராம சபை என்று ஒன்று இருந்தது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்றால் பள்ளி மைதானத்தில் பெஞ்சு போடுவார்கள். வரவு செலவை வாசித்தே ஆக வேண்டும். "அந்தத் தெருவிளக்குக்கு எவ்வளவு எழுதினே?" என்று தலைவரின் முகத்துக்கு நேரே ஒரு பாட்டி கேட்கலாம், கேட்டதும் உண்டு. பிறகு சென்னையைச் சுற்றி எல்லாம் மாநகராட்சியானது. 2019-ல் ஆவடி. 2021-ல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம். 2025 தொடக்கத்தில் இன்னும் பல ஊராட்சிகளை நகரங்களோடு இணைக்கப் போவதாக அறிவித்ததும், நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்று ஊர் ஊராக மறியல் நடந்தது. கிராம சபையும் சேர்ந்து போய்விடும் என்பதை அவர்களுக்கு யாராவது சொன்னார்களா தெரியவில்லை.

அதற்குப் பதிலாகத்தான் பகுதி சபை, அதாவது வார்டைப் பகுதிகளாகப் பிரித்து மக்களைக் கூட்டிக் குறை கேட்கும் சபை, தருகிறோமே என்றார்கள். சரி, நல்ல ஏற்பாடுதான். 2022 நவம்பர் 1-ம் தேதி முதன்முதலாகப் பகுதி சபைகள் நடந்தன. பம்மலில் நடந்ததில் முதல்வர் மு.க. ஸ்டாலினே வந்து உட்கார்ந்தார். எங்கள் பகுதியில் அதற்கப்புறம் எப்போது நடந்தது என்று தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் பதிவேட்டில் கையெழுத்துகள் இருக்குமாம்! யாருடைய கையெழுத்தோ.

பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்ததில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. தண்ணீர்க் குடத்தோடு நிற்பவர்களுக்குத்தானே தண்ணீர்ப் பிரச்சினை தெரியும்? குடிநீருக்காகக் கத்திய அந்த அம்மாவைப் போலச் சிலர் உண்மையாகவே வேலை செய்கிறார்கள். ஆனால் பல வார்டுகளில் போனை எடுப்பது கவுன்சிலரின் வீட்டுக்காரர். பேசுவது அவர், சாலை போடும் இடத்தைக் காட்டுவது அவர். பொன்னாடை போர்த்தும்போது மட்டும் கவுன்சிலர் அம்மாவைத் தேடுகிறார்கள்.

பாராட்டுக்கும் தீர்மானத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டுமா? தூய்மைப் பணியாளர்களைப் பாருங்கள். கொரோனா காலத்தில் காலில் பூத்தூவினோம். மகளிர் தினம், சுதந்திர தினம் என்றால் மேடையேற்றி எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிறோம். அதே ஆட்களைத் தனியார் நிறுவனத்தின் கையில் ஒப்படைக்கும் தீர்மானம் எண்ணோடு எண்ணாக ஓடிவிடுகிறது. 2025 ஆகஸ்டில் சென்னையின் 5, 6-வது மண்டலப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். 13-ம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாளே அவர்களுக்குக் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்கள் அறிவிப்பு! அவர்கள் கேட்டது டிபனா? இது புறநகர் கதை இல்லைதான், பெரிய மாநகராட்சியின் கதை. ஆனால் எங்கள் தெருவில் குப்பை அள்ளும் அக்காவும் ஒப்பந்தத் தொழிலாளிதான். கேடயம் வாங்கிய படத்தை எனக்கு அவரே காட்டினார். அந்த மாதச் சம்பளம் அப்போது வந்திருக்கவில்லை.

"தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க சார்" என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் வில்லை ஒட்டி மனு போடு, 30 நாள் காத்திரு, மேல்முறையீடு செய். ஏன்? 2005-ல் வந்த அதே சட்டத்தின் 4-வது பிரிவு, இப்படிப்பட்ட மன்றங்களின் கூட்டங்கள் மக்களுக்குத் திறந்திருக்கின்றனவா, நடவடிக்கைக் குறிப்புகளை மக்கள் பார்க்கலாமா என்பதை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறதே. இருபது வருடமாக இருக்கிற பிரிவு. பொன்னாடைப் படத்தை ஏற்றத் தெரிந்த அதே கை, தீர்மானப் புத்தகத்தையும் போனில் படம்பிடித்து ஏற்றினால் என்ன குறைந்துவிடும்? ஸ்கேனர்கூட வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்கு முன் பொருள் பட்டியலை வார்டு அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள், எங்கள் தெரு சம்பந்தப்பட்டது வந்தால் முன்னாலேயே கவுன்சிலரிடம் பேசிக்கொள்கிறோம் என்று குடியிருப்போர் சங்கத்தில் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தோம். வாங்கி முத்திரை குத்தினார்கள். பட்டியல் எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்கு, அந்த எழுத்தர் கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார்: "கூட்டம் முடியட்டும் சார், அப்புறம் வந்து கேளுங்க."