பக்கத்தில் ஆள் நிற்க வேண்டாத முதல் சலவை இயந்திரம்

வீட்டுச் சலவை இயந்திரத்தின் வரலாற்றை எழுதுபவர்களில் பலர் ஆல்வா ஃபிஷரின் பெயரையும் மின்சாரச் சலவை இயந்திரத்துக்காக 1910இல் அவருக்குக் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையையும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். 1904 வாக்கிலேயே அமெரிக்கச் செய்தித்தாள்களில் மின்சாரச் சலவை இயந்திரங்களுக்கு விளம்பரம் வந்துவிட்டது என்பது ஒருபுறம் இருக்கட்டும். மோட்டாரைப் பொருத்தியவருக்கே பெருமை முழுவதையும் கொடுப்பது, துணி துவைத்தவர்கள் பட்ட பாட்டைக் கணக்கில் எடுக்காத வரலாறு என்றே நான் கருதுகிறேன்.

அந்தக் கால மின்சார இயந்திரம் துணியைக் கும்மும் வேலையை மட்டுமே ஏற்றுக்கொண்டது. வெந்நீரைத் தொட்டியில் நிரப்புவதும், அழுக்கு நீரை வடித்துவிட்டு அலசுவதும், சொட்டச் சொட்டத் துணியை எடுத்து இரண்டு உருளைகளுக்கிடையே ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பிழிவதும் பெண்களின் தலையிலேயே இருந்தன. மோட்டாரால் சுழன்ற அந்த உருளைகளில் துணியோடு விரல்களும், சில வேளைகளில் முழுக் கையும் சிக்கி நசுங்கின. குழந்தைகளும் தப்பவில்லை. மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருந்தார்கள் என்றால், அது எவ்வளவு சாதாரணமாக நடந்திருக்க வேண்டும்!

உண்மையான மாற்றம் 1937இல், இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரிலிருந்த பெண்டிக்ஸ் நிறுவனத்தின் இயந்திரத்தோடு வந்தது. ஜான் சேம்பர்லின் உருவாக்கிய அந்த இயந்திரத்தில் துணியையும் சோப்பையும் போட்டு, கதவை மூடிக் குமிழைத் திருகிவிட்டால், துவைப்பது, அலசுவது, டிரம்மை வேகமாகச் சுழற்றி நீரைப் பிரிப்பது என எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே நடந்தன. எப்போது நீரைத் திறப்பது, எப்போது வடிப்பது என்று அதுவரை ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்த பொறுப்பை, மெல்லச் சுழலும் ஒரு டைமர் ஏற்றுக்கொண்டது. துவைப்பவர் அந்த இடத்தைவிட்டு நகர்ந்து வேறு வேலை பார்க்க முடிந்தது. என்னைப் பொறுத்தவரை, மோட்டாரைவிடப் பெரிய கண்டுபிடிப்பு இதுதான்.

குறைகளும் இருந்தன. சுழலும்போது எழும் அதிர்வைத் தாங்கும் அமைப்பு இல்லாததால் இயந்திரத்தைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது; குழாய் நீரும் வடிகாலும் மின்சாரமும் உள்ள வீட்டுக்கே அது பயன்பட்டது. 1930களின் நடுவில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதுக்கு மின் இணைப்பே இல்லை. பின்னர் போர் வந்து வீட்டு இயந்திர உற்பத்தியையே நிறுத்தியது. 1947இல் ஜெனரல் எலெக்ட்ரிக் போன்ற நிறுவனங்கள் மேலிருந்து துணி போடும் தானியங்கி இயந்திரங்களோடு போட்டிக்கு வந்தன.

ஆனால் விற்பனைப் போட்டியைவிட நான் முக்கியமாகக் கருதுவது, 1949 மே மாதம் லண்டன் குயின்ஸ்வேயில் திறக்கப்பட்ட பிரிட்டனின் முதல் சுயசேவைச் சலவையகத்தை. அங்கே இருந்தவை பெண்டிக்ஸ் இயந்திரங்கள். சொந்தமாக வாங்க வசதியில்லாதவர்களும், தரையில் போல்ட் இறக்க வழியில்லாத வாடகை அறைகளில் இருந்தவர்களும், ஒரு சலவைக்கான கட்டணத்தை மட்டும் கொடுத்து அதே வசதியைப் பெற்றார்கள். இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் காப்புரிமைப் பட்டியலுக்குத் தரும் இடத்தில் பாதியையாவது அந்தச் சலவையகத்துக்குத் தர வேண்டும்.