வாயைத் திறந்தவருக்கு என்ன ஆயிற்று?

தில்லியின் தனியார் மருத்துவமனைகளில் குழுப்பணிப் பயிற்சி, அதாவது டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன் எல்லோரும் தவறு கண்டால் தயங்காமல் வாயைத் திறந்து பேசப் பழக்கும் வகுப்பு, இப்போது ஒரு பண்டிகை. உலக நோயாளர் பாதுகாப்பு தினமான செப்டம்பர் 17-ஐ ஒட்டிக் குத்துவிளக்கு ஏற்றுவார்கள், சமோசா வரும், கடைசியில் ஒரு கருத்துப் படிவம் வரும். "பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா?" "மிகவும்" என்று டிக் அடித்துவிட்டு எல்லோரும் டூட்டிக்கு ஓடுவார்கள். அந்தத் தாள்தான் பிறகு மருத்துவமனைக்குத் தரச் சான்று தரும் அங்கீகார ஆய்வின்போது சாட்சியாக வந்து நிற்கும். தரப் பிரிவில் அந்தக் கோப்புகளை அடுக்குகிறவள் நான். எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

பயிற்சியை மதிப்பிட அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-இலேயே நான்கு படிகள் வகுத்தார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, விளைவு மாறியதா. நாம் முதல் படியிலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டோம்.

பயிற்சி வீண் என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகளில் அறுவை அரங்குக் குழுக்களுக்குப் பயிற்சி தந்து, பலனை அளந்து, 2010-இல் வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற 74 இடங்களில் அறுவைச் சிகிச்சை நோயாளிகளின் ஆண்டு இறப்பு விகிதம் 18 சதவீதம் குறைந்தது. அதுவரை பயிற்சி பெறாத 34 இடங்களிலும் 7 சதவீதம் குறைந்திருந்தது. அந்த 7 தெரியாவிட்டால் 18-ஐயும் பயிற்சியின் கணக்கிலேயே எழுதியிருப்பார்கள். அங்கேயும் வகுப்பு ஒரு நாள்தான். ஆனால் அதற்கு முன் இரண்டு மாதத் தயாரிப்பு, பின் ஓராண்டு முழுக்கக் காலாண்டுதோறும் வழிகாட்டல். நாம் அந்த ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அறுவைச் சிகிச்சையின்போது குழு சேர்ந்து வாய்விட்டுச் சரிபார்க்க வேண்டியவற்றைச் சொல்லும் உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தில்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-ஆகக் குறைந்தது; 2009-இல் வந்த முடிவு. ஐந்தாண்டு கழித்துக் கனடாவின் ஒண்டாரியோவில் 101 மருத்துவமனைகளில் பார்த்தால் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. காரணம் பற்றிய வாதம் நீள்கிறது. என் சந்தேகம் இது. கத்தி வைக்கும் முன் சிஸ்டர் பட்டியலைப் படிக்கிறார்; மயக்க மருந்து டாக்டர் மானிட்டரைப் பார்த்தபடியே தலையசைக்கிறார்; சர்ஜன் ஏற்கெனவே கையை நீட்டியாயிற்று. எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கிறது, ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. வேறொரு தியேட்டரில் விழுப்புரத்துத் தம்பி ஒருவர், டெக்னீஷியன், தன் அரைகுறை இந்தியில் "சார், ஒரு நிமிடம், சக்‌ஷன் சரியாக இழுக்கவில்லை" என்றார். சர்ஜன் நின்றார். ரத்தத்தை உறிஞ்சும் அந்தக் குழாயை மாற்றிய பிறகுதான் தொடங்கினார். இரண்டு தியேட்டர்களின் தாளும் கோப்பில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இதைவிடப் பெரிய கூத்து, பயிற்சிக்குப் பின் தவறு குறித்த அறிக்கைகள் கூடும்போது நடக்கும். "இவ்வளவு செலவு செய்தும் தவறுகள் அதிகமாகிவிட்டனவே?" என்று நிர்வாகக் கூட்டத்தில் கேட்பார்கள். ஐயா, கூடியது தவறு என்று யார் சொன்னது? இதுவரை மூடியிருந்த வாய்கள் திறந்திருக்கின்றன. தவறைத்தான் எண்ண வேண்டுமென்றால் அறிக்கை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, நோயாளிக் கோப்புகளைப் புரட்டித் தேட வேண்டும். ஷிப்ட் மாறும்போது நோயாளியை ஒப்படைக்கும் முறையைச் சீர்படுத்தி ஒன்பது குழந்தை மருத்துவப் பயிற்சி நிலையங்களில் நடத்திய ஆய்வில் அப்படித்தான் தேடினார்கள். மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன என்று 2014-இல் அவர்களால் துணிந்து சொல்ல முடிந்தது அதனால்தான்.

மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பில் நெல்லைக்கார சிஸ்டர் ஒருவர் இருக்கிறார், வேறு மருத்துவமனை. "வகுப்பில் வாயைத் திறக்கச் சொல்கிறார்கள் அக்கா. திறந்தவளுக்கு அடுத்த மாதம் முழுக்க நைட் டூட்டி" என்றார். வாயைத் திறந்தவருக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி எந்தக் கருத்துப் படிவத்திலும் இல்லை. ஆனால் பதில் டூட்டி பட்டியலிலேயே இருக்கிறது. டாக்டரைத் தடுத்துப் பேசியவர், அறிக்கை எழுதியவர் ஆகியோரின் அடுத்த மூன்று மாத டூட்டியையும் விடுப்பையும் மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டால் போதும். சல்லிக்காசு செலவில்லை.

வார்டுகளுக்கு ஒரே நாளில் கும்பலாக வகுப்பெடுக்காமல் முறைவைத்துப் பயிற்சி தந்தால், காத்திருக்கும் வார்டே ஒப்பீட்டுக்கு உதவும். நோயாளிக் கோப்புகளைப் புரட்டித் தேட அனுமதி, ஒப்பிட்டுப் பார்க்க டூட்டி பட்டியல், இந்த இரண்டையும் எங்கள் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். கோப்புக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. டூட்டி பட்டியல் "மனிதவளப் பிரிவின் ரகசியம்" என்று பதில் வந்துவிட்டது. அந்தப் பட்டியல் ஒவ்வொரு நர்சிங் ஸ்டேஷன் சுவரிலும் ஒட்டியிருக்கிறது.