எல்லாம் கொரோனாவின் தலையிலா?

நேற்றிரவு தொலைக்காட்சி விவாதத்தைப் பார்த்திருப்பீர்கள். "கொரோனா வராவிட்டால் இலங்கை பொருளாதார நெருக்கடியிலிருந்து தப்பியிருக்கும்" என்றார் ஒரு கனவான். எதிரே இருந்தவர்களும் தலையாட்டினார்கள். கொரோனாவுக்கு வாயில்லை, எதையும் அதன் தலையில் கட்டலாம்.

திகதியைப் பாருங்கள். வற் வரி, அதாவது வாங்கும் பொருளின் விலையோடு சேர்ந்து வரும் வரி, 15 வீதத்திலிருந்து 8 ஆனது 2019 டிசம்பர் 1. விற்பனை மீது விழுந்த தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி 2 வீதமும் அதோடு போனது. ஜனவரியில் சம்பளத்தில் கழித்த வரியும் போனது. நாடு முழுதும் ஊரடங்கு வந்ததோ 2020 மார்ச் 20! விற்பனை ஒரு சதம் குறையாவிட்டாலும் 15 ரூபா வந்த இடத்தில் 8 ரூபாதான் வரும். இதற்கு வைரஸ் தேவையா?

வீதத்தைவிடக் கொடுமை பதிவு எல்லை, அதாவது எவ்வளவு விற்றால் வற்றுக்குப் பதிய வேண்டும் என்ற எல்லை. ஆண்டு விற்பனை 12 மில்லியன் ரூபா என்றிருந்ததை 300 மில்லியன் ஆக்கினார்கள். வற் ஒரு சங்கிலி. வாங்குபவர் தான் கட்டிய வரியைக் கழிக்க, விற்றவரின் வரிப்பற்றுச்சீட்டு வேண்டும். அதனால் ஒருவரையொருவர் காவல் காப்பார்கள். நடுவில் உள்ளவர் பதிவை விட்டால் காவலும் போயிற்று. வீதத்தை ஓர் இரவில் ஏற்றலாம். விட்டுப்போனவரைத் திரும்ப வரிக் கோப்புக்குள் கொண்டுவருவது அப்படியல்ல. 2019இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11.6 வீதமாக இருந்த வரி வருமானம் 2020இல் 8.1.

"நோய்க் காலத்தில் வரி கூட்டச் சொல்கிறீரா, மனச்சாட்சி இல்லையா?" என்று கீழே எழுத வருவீர்கள், தெரியும். தினக்கூலிக்காரரிடம் கேட்கச் சொல்லவில்லை. வீட்டிலிருந்தபடி முழுச் சம்பளம் எடுத்தவரிடமும், 200 மில்லியனுக்கு விற்றவரிடமும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"சுற்றுலா நின்றதே?" நின்றது, பேரிடிதான். ஆனால் 2020இல் எண்ணெய் விலை விழுந்தது, வெளிநாட்டு உழைப்பாளர் அனுப்பிய பணம் 7.1 பில்லியன் டொலராகக் கூடியது. அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

"பணம் அச்சடித்ததைக் குறை சொல்கிறீர், அமெரிக்காவும் அச்சடித்தது." ஐயா, டொலரை உலகம் வாங்கி வைக்கும். நம் ரூபாவை யார் வாங்குவார்? இங்கே நடந்தது இது: அரசு குறுங்காலக் கடன் வாங்க ஏலத்தில் விற்கும் பத்திரமான திறைசேரி உண்டியலுக்கு வட்டியை மட்டுப்படுத்தினார்கள், ஏலத்தில் ஆள் குறைந்தது, மிச்சத்தை மத்திய வங்கி புதுப் பணத்தால் வாங்கியது. அந்தப் பணம் சம்பளமாகிக் கடைக்குப் போய், கடையிலிருந்து இறக்குமதியாகி, டொலர் கேட்டுத் திரும்பி வந்தது. டொலருக்கு 200 ரூபா என்ற அளவில் பிடித்துவைக்க வெளிநாட்டு நாணய ஒதுக்கை விற்றார்கள். 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலர், 2021 முடிவில் 3.1.

இதை அன்றே சொன்னவர்களுக்குத் துரோகிப் பட்டம். இன்று பட்டம் கொடுத்தவர்களே தொலைக்காட்சியில் நிபுணர்கள்.

2020இல் ஏழைக் குடும்பங்களுக்கு 5,000 ரூபா கொடுத்தார்கள், நல்லது. 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியபோது அதை எத்தனை மடங்காகத் திரும்ப எடுத்தார்கள்? 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது தொழிலாளரின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியில் கை வைத்தார்களே, அதுவும் கொரோனாதானா?